இரண்டு வரியில் கல்லானவள்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டின் மேல் வலது கையையும், ஆறிப்போன டீ டம்ளரின் மேல் இடது கையையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இன்று தொடங்கி இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. பின்னால் என்றைக்காவது எடுத்துப் படித்தால் நானே நம்புவேனா என்பது சந்தேகம். அறுபத்திரண்டு வயதுவரை புளுகைத் தவிர வேறு கைத்தொழில் அறியாத ஒருவன், முதன்முறையாக ஓர் உண்மையைச் சொல்லப் போய், அதற்காகவே புளுகன் என்று சிரிக்கப்பட்ட வரலாறு இது. வரலாற்றின் முதல் நாள் இன்று.

வருங்காலத்துக்கு என்னை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒரு காலத்தில் நான் மாத நாவல் உலகின் சக்கரவர்த்தி. மாதம் ஒரு ராஜா என் பேனா முனையில் செத்தான். நான் வெட்டிய தலைகளை அடுக்கியிருந்தால் நிலாவுக்குப் படிக்கட்டு கட்டியிருக்கலாம். என் குதிரைகளை வரிசையாக நிறுத்தியிருந்தால், முதல் குதிரை கிழடாகிச் செத்த பிறகுதான் கடைசிக் குதிரை லாயத்தை விட்டே கிளம்பியிருக்கும். இப்போது? மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறார்களே, அதற்குப் பிழை திருத்துகிறேன். உலகில் யாருமே படிக்காத இலக்கியத்துக்கு முதல் வாசகன் நான்தான், கடைசி வாசகனும் நான்தான். தெருவில் என் பெயர் ‘ஆகாசம்’. ஆகாசப்புளுகு என்பதன் செல்லச் சுருக்கம்.

இன்று நடந்தது இதுதான். அக்கா மகளுக்கு முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவள் இன்னும் ‘சின்னது’தான். அக்கா ஒற்றை ஆளாக வளர்த்த பெண். லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க” என்று பகல் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, மாலையில் இஸ்திரி மேஜை முன் நின்றுகொண்டே நாலு வருஷமாக ஒரு நாவல் எழுதினாள். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம்.

பாதியில் நின்றுபோன பதினோரு மாடிக் கட்டடம். அதன் உச்சியில் ஒரு காவல்காரி. “நான் வந்து சொல்றவரைக்கும் நகராதே” என்று சொல்லிப்போன முதலாளி வரவே இல்லை. வருஷக்கணக்காக நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் சாவிக்கொத்தைச் சிமெண்டு மூட்டைமேல் வைத்துவிட்டு, பதினோரு மாடியும் இறங்கிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் நாவல். படித்து முடித்து நான் அரை நாள் யாரிடமும் பேசவில்லை. நான் பேசாமலிருந்த அரை நாள் என்பதே ஒரு வரலாற்றுச் சம்பவம்.

சதை புதுசு, எலும்பு பழசு. ஊருக்கு மேற்கே உள்ள கோட்டையில், கோபுரத்தின் உச்சியில் ஒரு கல் நிற்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரு ராஜா போருக்குப் போகும்போது கோபுரக் காவல்காரியிடம் “நான் திரும்பும்வரை இறங்காதே” என்றானாம். அவன் திரும்பவில்லை. அவள் இறங்கவில்லை. நின்றபடியே கல்லானாளாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்பல்லோடு சேர்ந்து முளைக்கிற கதை.

அதில்தான் வந்தது வினை. பதிப்பாளர் விளம்பரத்தில் ‘எழுநூறு ஆண்டுப் பழங்கதையின் நவீன வடிவம்’ என்று போட்டார். வெளியீட்டு விழாவுக்குக் கோட்டை அன்பர் மன்றத்தின் மண்டபத்தையும் கேட்டார். மன்றத்துத் தலைவர் கைப்பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, காவல்காரியை இறக்கினால் கதையைக் கொன்ற பாவம் என்றுவிட்டார். இன்று பதிப்பாளர் போன் செய்தார். கடைசி அத்தியாயத்தை மாற்றினால் புத்தகம் அச்சுக்குப் போகும். இல்லாவிட்டால் இல்லை.

சின்னது போனை வைத்தாள். சுவரைப் பார்த்தாள். “மாத்தப் போறதில்ல,” என்றாள்.

“மாத்தாதே,” என்றேன். “அது பழங்கதையே இல்ல. நான் எழுதினது.”

“எது மாமா?”

“அந்தக் காவல்காரி. கோபுரம். கல்லானது. மொத்தமும். நீ பொறந்த அடுத்த வருஷம், மாத நாவல்ல.”

சிரித்தாள். அவ்வளவு நேரம் உர்ரென்று இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “போன மாசம், குடையில பட்டன் வெக்கச் சொன்னதே நான்தான்னீங்க.”

“அது வேற. இது நிஜம்.”

“அதுவும் நிஜம்னுதான் சொன்னீங்க.”

அக்காவைப் பார்த்தேன். “நீயாவது சொல்லுக்கா.”

அக்கா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நீ சொன்ன எதுக்குடா நான் சாட்சி சொல்லியிருக்கேன்? கதைக்காரங்க விவகாரம். என்னை இழுக்காதீங்க.”

மார்ச் 5, புதன்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது முப்பது வருஷமாக ஓடுகிறது. பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

மார்ச் 7, வெள்ளி

முறைப்படி பதிவு செய்கிறேன். நான் எழுதிய அத்தனை நாவல்களிலும் கதை பழசு, காகிதம் மட்டும் புதுசு. மலைக்கடியில் தூங்கும் ராஜா, வெட்டிய பிறகும் பேசிய தலை, படையை விழுங்கிய ஆறு — எல்லாம் அந்தக் காலத்து மனிதர்களின் சரக்கு. குதிரையின் நிறத்தை மாற்றி என் கடையில் வைத்தேன். ‘எங்க பாட்டன் சொத்து’ என்று ஒருத்தரும் கேட்டு வரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொந்தமாக ஒன்று செய்தேன். அதற்குத்தான் ஊர் கூடிப் பட்டா போட்டுக்கொண்டது.

மாத நாவல் என்றால் ஆறு பாரம், பாரத்துக்குப் பதினாறு வீதம் தொண்ணூற்றாறு பக்கம். ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு பாரம் ஓட்ட வேண்டும், அதற்கு அச்சகக்காரர் சம்மதிக்க மாட்டார். என் திட்டப்படி காவல்காரி கீழே இறங்கி வர வேண்டும். இறங்குகிற வழியில் மூவாயிரம் பேரை வெட்ட வேண்டும். மூவாயிரத்துக்கும் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். நடு அத்தியாயத்தில் அரண்மனை விருந்தை வர்ணிக்கப் போய்ப் பக்கம் போனதே தெரியவில்லை. கடைசிப் பாரத்துக்கு அச்சுக் கோத்துக்கொண்டிருக்கும்போது அச்சகக்காரர் கூப்பிட்டார்.

“ரெண்டு வரிக்குத்தான் இடம் இருக்கு. முடிச்சுக் குடு.”

“அவ இன்னும் மேலயே நிக்கிறாய்யா.”

“நிக்கட்டும். அடுத்த பக்கம் பல்பொடி விளம்பரம். அதுல கை வெக்க முடியாது.”

கோபுரத்துக்கு இருநூறு படி. இரண்டு வரியில் எந்த மகாகவி ஒரு பெண்ணை இருநூறு படி இறக்குவான்? மெஷின் பக்கத்தில் நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்: ‘அவள் இறங்கவில்லை. நின்றபடியே கல்லானாள்.’ ஒன்றரை வரிதான் வந்தது. மிச்சம் இருந்த அரை வரியில் மூன்று நட்சத்திரம் வைத்தார்கள்.

கோட்டை உச்சியில் அப்போது உடைந்த தூண் ஒன்று இருந்தது. ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ளும் தூண். நாவல் வந்த மறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் அதை நாடகமாகப் போட்டார்கள். அடுத்து ஒரு காலண்டரில் படமாக வந்தது. அப்புறம் கோட்டை வழிகாட்டி வாயில் ஏறியது. வழிகாட்டியின் வாயில் ஏறியது வரலாறு. ஆடுகளை விரட்டிவிட்டார்கள்.

இன்று வேலை முடிந்து அந்த அச்சகக்காரரைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மகனோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது. என் ஒரே சாட்சி.

“ஞாபகம் இருக்கா? கடைசி ரெண்டு வரி. பல்பொடி விளம்பரம்.”

“பல்பொடி ஞாபகம் இருக்கே. நல்ல பல்பொடி.”

“அந்தக் காவல்காரி கதை?”

“கோபுரத்துக் காவல்காரியா? அது எங்கம்மா என்னை மடியில போட்டுச் சொன்ன கதையாச்சே. நீயெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி.”

கண்ணெதிரே, நான் பெற்ற கதைக்கு என்னைவிட வயதாகிவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 9, ஞாயிறு

கோட்டைக்கே போய்விட்டேன். இருநூறு படியும் ஏறினேன் (ஏறும்போது நாலாயிரம்). நாலைந்து குடும்பங்களை நிறுத்திவைத்து வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும் அழகு இருக்கிறதே, நானே கண் கலங்கினேன். போன தடவை நான் வந்தபோது எழுநூறு வருஷம் என்றவர் இப்போது எழுநூறுக்கும் மேலே என்கிறார். இந்த வேகத்தில் போனால் அடுத்த தேர்தலுக்குள் அவள் டைனோசரைப் பார்த்திருப்பாள்.

கூட்டத்தில் ஓர் இளைஞன், கட்டப்போகிற பெண்ணோடு வந்திருப்பான் போல. கல்லைத் தட்டிக் காட்டி, “பாத்தியா, பொறுமைன்னா இது. நான் வெளிநாட்டுக்குப் போனா நீயும் இப்படித்தான் இருக்கணும்,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கல்லின் கால் எங்கே இருந்திருக்கும் என்று பார்ப்பதுபோல அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது: தம்பி, அது பொறுமை இல்லடா. பல்பொடி.

சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தூக்கி மதிலுக்கு வெளியே போட்டிருப்பார்கள்.

மார்ச் 12, புதன்

பதிப்பாளர் அறை. சின்னது கூப்பிட்டாள் என்று போனேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். ஜன்னல் வரை கட்டுக் கட்டாகப் புத்தகம். நடுவில் ஒல்லியாக அவர், வாயில் இருமல் மிட்டாய். கெட்ட மனிதர் இல்லை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர்.

“கடைசி அத்தியாயம் மட்டும்தாம்மா கேக்கறேன். மீதி இருநூறு பக்கமும் உங்களோடதுதானே?”

“வீடு பூரா உன்னுது, வாசக்கதவு மட்டும் எங்களுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்,” என்றாள் சின்னது.

நான் இடையில் புகுந்தேன். ஒரு பேருரை ஆற்றினேன். இன்றைக்கு எழுதுகிற எந்தக் கதையின் மூடியைத் திறந்தாலும் உள்ளே பழைய ராஜா ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். துப்பறிகிறவன் மழைக்கோட்டைக் கழற்றினால் உள்ளே கவசம். காணாமல் போன மோதிரம்தான் இன்று காணாமல் போகிற செல்போன். விண்கலத்தில் ஏறிப் போய்க் கொல்கிறார்களே ஒரு ஜந்து, அது அந்தக் காலத்துக் குகையில் நெருப்புக் கக்கியதன் பேரன். தூங்கும் ராஜாவை நான் எழுதினேன், எனக்குப் பின்னால் வந்தவன் ஐஸ்பெட்டியில் தூங்கவைத்து எழுதினான். ராஜா என்ன, வழக்கா போட்டான்?

“அதனாலதான் சார் பழசுக்கு மரியாதை குடுக்கணும்கறாங்க,” என்றார் பதிப்பாளர்.

“மரியாதை வேற, வாடகை வேற.”

நல்ல வாக்கியம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சின்னது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

பதிப்பாளர் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு முடிவைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கூட்டம். அங்கே அவர்களைச் சம்மதிக்க வைத்தால் சரி. இல்லையென்றால் மன்னிக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

பரணில் ஏறி அந்த மாத நாவலின் கடைசிப் பிரதியைக் கண்டுபிடித்தேன். பாதியைக் கறையான் படித்துவிட்டது. இனி யார் வந்தாலும் ஒரு கை பார்க்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

பார்த்துவிட்டார்கள்.

மண்டபத்தில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, அதற்குக் கழுத்துச் சுளுக்கு. மன்றத்துத் தலைவர் மேஜைக்குப் பின்னால். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் சிவப்பு. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊரையே திருத்திக்கொண்டிருப்பவர். மனத்துக்குள் அவருக்குத் தளபதி என்று பெயர் வைத்தேன்.

எழுந்தேன். சபையோரே என்றேன். இரண்டு வரி, ஆறு பாரம், பல்பொடி, எல்லாம் சொன்னேன். ஒரு எழுத்துகூட மிகைப்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து உண்மை பேசியதே இல்லை. கறையான் தின்ற நாவலை மேஜைமேல் வைத்தேன்.

தளபதி கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தைத் திறந்தார். முன்னுரை. சத்தமாகப் படித்தார்.

“‘எழுநூறு ஆண்டுகளாய் இம்மண்ணின் மக்கள் வழிவழியாய்ச் சொல்லிவரும் இக்கதையில் ஒரு சொல்லும் அடியேன் கற்பனை அன்று.’ கீழ உங்க கையெழுத்துதானே?”

என் கையெழுத்துதான். எங்கள் தொழிலில் அது வழக்கம். சரித்திர நாவல் என்றால் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரன் வாங்க மாட்டான். பறக்கும் யானையைப் பற்றி எழுதியதிலும் அதைத்தான் போட்டேன். எழுநூறு என்ற எண்ணைக்கூட நான்தான் கொடுத்திருக்கிறேன் பார். நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயால் மட்டுமா, அச்சுப் போட்டுக் கெட்டேன்.

“அன்னைக்கு உண்மையா, இன்னைக்கு உண்மையா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆகாசம், உக்காருப்பா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. மின்விசிறிகூடச் சிரித்தது.

அப்போது சின்னது எழுந்தாள். குரல் உயரவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரல்.

“எங்க மாமா எழுதினாரோ, யார் எழுதினாங்களோ, எனக்குத் தெரியாது. நான் இந்தக் கதையைக் கேட்டு வளந்தவ. அந்தக் கல்லைச் சின்ன வயசுலருந்து பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் வரும், இவளுக்குக் கால் வலிக்கலையான்னு. அந்தக் கேள்விதான் என் நாவல். இதுலருந்துதான் எடுத்தேன்னு எங்க வேணா சொல்றேன். ஆனா இதுக்குக் கட்டுப்பட்டவன்னு சொல்ல மாட்டேன். நிக்கிறவளை நீங்க வெச்சுக்கங்க. அவ அங்கயேதான் இருக்கா, நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போகலை. எறங்கறவ என்னுடையவ.”

யாரும் கை தட்டவில்லை. தளபதி சிவப்புப் பேனா மூடியைத் திறந்து மூடினார். பதிப்பாளர் வாசலில் வைத்து, “மன்னிச்சுக்கம்மா, இப்போதைக்கு நிறுத்தி வெக்கலாம்,” என்றார்.

பஸ்ஸில் வரும்போது, “பரவால்ல மாமா,” என்றாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17, திங்கள்

சின்னது இன்று இஸ்திரி மேஜையில் துணி மட்டும் தேய்த்தாள்.

மார்ச் 20, வியாழன்

மூன்று நாளாகத் துணி மட்டும். எல்லாம் தேய்த்து முடித்துக் கரித்துணியைக்கூடத் தேய்த்துவிட்டாள்.

விடப்போவதில்லை. உண்மை பேசிப் பார்த்தாயிற்று. அதற்கு இந்த ஊரில் மதிப்பு இல்லை. சரி, எனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்புகிறேன். அரை நாள் லீவு போட்டுக் கோட்டைக்குப் போனேன். வழிகாட்டி தனியாக நிழலில் உட்கார்ந்து சப்பாத்துக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார்.

“மேற்குப் படிக்கட்டுக் கதை கேள்விப்பட்டிருப்பீங்களே,” என்றேன், காற்றோடு பேசுவதுபோல.

“எந்தக் கதை?”

“தெரியாதா? அப்ப விடுங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்த கதை. எண்ணூறு வருஷம்.”

நாடா நின்றது. “நான் சொல்றது எழுநூறுதானே.”

“அதைத்தான் சொல்றேன். இது அதுக்கு முந்தினது.”

சொன்னேன். ஊர் தூங்கும்போது ஒரு கல்லைத் தன் உயரத்துக்கு நிறுத்திவைத்து, முக்காட்டை அதன்மேல் போட்டுவிட்டு, காவல்காரி மேற்குப் படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டாள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்து, அவள்தான் நிற்கிறாள் என்று நூறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளோ கடைசிப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உதறினாள். உள்ளேயிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல் விழுந்தது. அத்தனை வருஷமும் அதன்மேல்தான் நின்றிருக்கிறாள். அப்புறம் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வழிகாட்டி தன் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். “அந்தச் செருப்பு இருக்கு பாருங்க,” என்றார் கடைசியில். “அது நல்லா இருக்கு.”

ஏப்ரல் 2, புதன்

மருந்துச் சீட்டுப் பிரிவில் எனக்கு அடுத்த மேஜைக்காரர், சாப்பாட்டு வேளையில் என் கதையை எனக்கே சொன்னார். மூன்று இடத்தில் தப்பு. நான் திருத்தப் போனேன். “உங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார், இது ஆயிரம் வருஷத்துக் கதை,” என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தளபதி சரிந்தார். மேற்குப் படிக்கட்டைத் தாமே நேரில் ஆய்வு செய்து, அடிப்படியில் ஒரு குழிவைக் கண்டுபிடித்து, அது கல் விழுந்த குழிவு என்று மன்றத்தில் அறிவித்துவிட்டார். “செருப்பை உதறினாள் என்பது போன்ற ஒரு நுட்பத்தை இந்தக் காலத்து எழுத்தாளன் எவனாலும் கற்பனை செய்ய முடியாது” என்றாராம். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல விமர்சனம். பெயரில்லாமல் கிடைத்தது.

மாலையில் பதிப்பாளர் போன். காவல்காரி இறங்குவதற்கு மூத்த ஆதாரம் கிடைத்துவிட்டதாம். புத்தகம் அச்சுக்குப் போகிறது, விழாத் தேதி குறித்தாகிவிட்டது, அழைப்பிதழ் தயார். முன்னுரையில் மட்டும் ‘எண்ணூறு ஆண்டுப் பழைய வடிவத்தைத் தழுவியது’ என்று ஒரு வரி.

வெற்றி. யானை மேல் ஊர்வலம் போக வேண்டியவன், படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

யானை என்னை மிதித்தது.

“எலுமிச்சம்பழம் அளவுக் கல்லு,” என்றாள் சின்னது, வந்ததும் வராததுமாக. கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. “செருப்புக்குள்ள. எலுமிச்சம்பழம்.”

“அந்தக் காலத்துச் செருப்பு பெருசு,” என்றேன்.

“மாமா, உங்க அளவு எனக்குத் தெரியாதா?”

அளந்தவன் அளவாலேயே பிடிபட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். யோசித்தாள். முகம் மாறியது.

“அப்போ... அந்த மொதக் கதையும் நிஜமாவே நீங்கதானா?”

“மார்ச் மாசத்துலருந்து அதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்.”

“பல்பொடி?”

“பல்பொடி.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. “மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி, கட்டுப்பட மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க பின்வாசல் வழியா எனக்கு ஒரு தாத்தாவைக் கூட்டிட்டு வந்து நிறுத்தறீங்க. நான் எழுதின முடிவுக்கு எண்ணூறு வருஷத்துச் சிபாரிசு வேணுமா? நாலு வருஷம் நின்னுக்கிட்டே எழுதினேன் மாமா. ஒருத்தி எறங்கிப் போறதுக்கு, அவளுக்கு முன்னாடி இன்னொருத்தி எறங்கியிருக்கணுமா?”

“புத்தகம் வரணுமேன்னு...”

“எனக்கும் வரணும். அப்படி வர வேண்டாம்.”

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

சின்னது பதிப்பாளரிடம் போனாள். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு.

“அந்த வரி வராது சார். முன்னுரையே வேண்டாம்.”

“அழைப்பிதழ் அச்சாயிடுச்சேம்மா.”

“நான் கையெழுத்துப் போடாம புத்தகம் அச்சாகாதே சார்.”

மிட்டாய் கடிபடும் சத்தம். எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிற மனிதர். கடைசியாகப் பேசியது இவள்.

“தலைவர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“பழங்கதைகளைக் கேட்டு வளந்தவ எழுதினதுன்னு சொல்லுங்க. அது உண்மை.”

வெளியே வந்தவள் என்னைத் தாண்டி நாலு படி இறங்கிவிட்டு நின்றாள். “வாங்க மாமா. அங்கயே கல்லாகிடாதீங்க.”

ஜூன் 14, சனி

புத்தகம் வந்துவிட்டது. முன்னுரை இல்லை. அட்டையைத் திருப்பினால் நேராகப் பதினோராவது மாடி. விழாவில் தளபதி எண்ணூறு வருஷத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், பேசட்டும். சின்னது இரண்டே நிமிஷம் பேசினாள். கோட்டையில் அன்று பார்த்த அந்தப் பெண் மாதிரியே ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளேதான் என்று எழுத ஆசை. இல்லை, வேறு யாரோ.

அக்கா இன்று காலை ஆரம்பித்து, சமையல் முடித்து, மதியத்துக்கு மேல் படித்து முடித்தாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“முடிவு சரியா இருக்கு,” என்றாள்.

“அவ்வளவுதானாம்மா?” என்றாள் சின்னது.

“வேற என்ன? சரியா எறங்கியிருக்கா.” எழுந்து போய்க் காய்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. எங்களுக்குள் முப்பது வருஷமாக அப்படித்தான். சின்னதுக்கு இது தெரியாது. சொல்வதானால் அக்காதான் சொல்ல வேண்டும். எனவே இந்த நோட்டுக்கு மட்டும்.

இதுவரை நான் அளந்ததில் மூவாயிரம் வீரர்கள் பொய். பேசிய தலை பொய். எழுநூறு வருஷம், எண்ணூறு வருஷம், முக்காடு போட்ட கல், நூறு வருஷம் ஏமாந்த ஊர் எல்லாம் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்தது.

வேலை கிடைத்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று வேற்றூருக்குப் போன அக்காவின் கணவர் வரவில்லை. அக்கா தான் குடியிருந்த மாடி வீட்டை விட்டு வர மாட்டேன் என்றாள். ‘அவர் வந்து பாக்கும்போது வீடு பூட்டியிருந்தா?’ கைக்குழந்தையோடு ஜன்னலில் நின்றாள். வாராவாரம் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவேன். அந்த ஜன்னலைத்தான் கோபுரமாக்கினேன். நாவல் வந்ததும், எப்போதும்போலப் பெருமையாக முதல் பிரதியை அவளிடம் கொடுத்தேன். பக்கம் போதாமல் அவளைக் கல்லாக்கிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் போனேன். அக்கா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் சின்னது, கையில் ஒரு துணிப்பை. கடைசிப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி உதறினாள். ஒரு கல் விழுந்தது.

“உன் கதையில அவ கல்லாயிட்டா,” என்றாள். “எனக்குக் கால்தான் மரத்துப்போச்சு. பையைப் பிடி.”

பட்டாணி அளவுதான் இருக்கும் அந்தக் கல்.